நிறைந்த வயிறு, வெளிறிய நகக்கண்

சோதனைக்கு வேண்டியது ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. உள்ளே கஞ்சிப்பசை சேர்த்த ஒரு கரைசல். ஒரு சிட்டிகை உப்பைத் தட்டில் பரப்பி அதன் மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருக்கும் உப்பு நீலமாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ மாறும். விழுப்புரம் மாவட்டக் கடலோர ஊரான மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் குடும்பம் ஒன்றின் அடுப்படியில் இதைச் செய்து பார்த்தோம். ஜாடியிலிருந்து எடுத்த கல்லுப்பின் மேல் விட்ட சொட்டு, விட்டபடியே கிடந்தது. அந்த வீட்டு அம்மாவுக்குச் சிரிப்பு. "இது நாங்க வாரின உப்பு சார். அளத்துல இவ்ளோ கெடக்க, கடையில காசு குடுத்தா வாங்குவாங்க?"

ஞாயமான கேள்விதான். அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கென விற்பது இந்தியாவில் 1998 இல் தடை செய்யப்பட்டது. 2000 இல் தடை விலகியது. 2006 மே மாதம் திரும்ப வந்தது. உற்பத்தியாகும் இடத்தில் 10 லட்சத்துக்கு 30 பங்கு, வீட்டுக்கு வந்து சேரும்போது 15 பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் விற்றால்தானே சட்டம்? பாத்தியிலிருந்து பையில் வந்த உப்பை எந்த அதிகாரி வந்து கேட்பார்? 2018-19 இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வு, நாட்டில் 76.3 சதவீத வீடுகளில்தான் போதிய அயோடின் உள்ள உப்பு இருக்கிறது என்றது. தமிழ்நாட்டில் அது 61.9 சதவீதம், மாநில வரிசையில் கடைசி இடம். நாட்டுக்கே உப்பு விளைவித்துத் தருவதில் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்தின் நிலை இது.

கடல் உப்பில் இல்லாத அயோடினா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கடல்நீரில் அயோடின் மிகக் கொஞ்சம். வெயிலில் காய்ந்து பாத்தியில் உப்பாகப் படியும்போது அதிலும் தங்குவது பெயரளவுக்குத்தான். கடல்மீனில் கணிசமாக உண்டு. அதனால் வாரம் நாலு நாள் மீன் குழம்பு வைக்கும் குப்பத்து வீடுகளுக்கு இந்தக் குறை அவ்வளவாக உறைக்காமல் போகலாம். உப்பளத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மீனவர்கள் அல்லர். கடலுக்கு மேற்கே உள்ள ஊர்களின் கூலிக் குடும்பங்கள், இருளர் குடும்பங்கள். கடற்கரை என்றாலே மீனுக்குப் பஞ்சமில்லை என்று நினைப்பது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்களின் கணக்கு. நல்ல மீன் விடியும் முன்பே ஐஸ் பெட்டியில் ஏறிச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய்விடுகிறது. கூலிக்காரர் வீட்டுக்கு வருவது பொடிமீனும் கருவாடும்.

அயோடினில் தொடங்கியதற்குக் காரணம், இந்தக் கரையின் உணவுக் குறைகளில் அதுதான் தீர்க்க எளிதானது என்பது. மற்றவை அப்படியல்ல. ஏழை மக்களின் ஊட்டச்சத்துப் பிரச்சினையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் கடைசியில் விழிப்புணர்வு என்ற சொல்லில் போய் நிற்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. மரக்காணத்துப் பெண்களுக்குக் கீரையும் முட்டையும் நல்லது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டில் என்ன விழும் என்பதை அங்கே வேறு மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: ரேஷன் கடை, குடிதண்ணீர், மழை மாதம்.

பழைய கதை ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறேன். சங்க இலக்கியத்தின் சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பாணனை வழிப்படுத்துகிற பாட்டு. அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அடையாளம் காட்டுகிறார்கள் ஆய்வாளர்கள். அந்தப் பாட்டில் வறுமையின் அடையாளமாக வருவது ஒரு கீரை. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை ஒரு பெண் நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேக வைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிடுமே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள். பசியை விட அந்தச் சாத்திய கதவுதான் என்னை உறுத்துவது. அதே பாட்டு பிறகு நல்லியக்கோடன் நாட்டு விருந்துகளைச் சொல்கிறது. எயிற்பட்டினத்து நுளையர் வீட்டில் கள்ளும் சுட்ட உலர்மீனும். வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூர் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். நிலத்துக்கு ஒரு சாப்பாடு. இன்று இந்த மூன்று நிலத்திலும் ஒரே சாப்பாடுதான், அது ரேஷன் அரிசி.

ரேஷன் அரிசியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். இந்தக் கரையில் பட்டினி என்ற சொல் பெரியவர்களின் நினைவுக்குள் ஒதுங்கியது அதனால்தான். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 165 கிராம் சொச்சம். கூடவே மானிய விலையில் ஒரு கிலோ துவரம்பருப்பு: ஆளுக்கு 8 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் தட்டில் பருப்பு, முட்டை, இறைச்சி வகையறா மட்டும் 85 கிராம். மிச்சத்தைக் குடும்பம் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஐந்தாறு ரூபாய் விற்கும் முட்டையை நாலு பேருக்குத் தினம் ஒன்று என்று வைத்தால் மாதம் எழுநூறு ரூபாயைத் தொடும். கூலி தினமும் வரும் மாதத்திலேயே இது கஷ்டம். ஆக, வயிறு நிறைவது அரிசியால். குழம்பு, சோற்றை உள்ளே தள்ளுவதற்கு ஒரு வழி.

விடிவதற்கு முன்பே அளத்துக்குப் போனவர்கள் எட்டு, எட்டரை மணிக்குக் கரையில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய சோறு, கரைத்த மாதிரி தண்ணீராக. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், இல்லை மாங்காய் ஊறுகாய், இல்லை நேற்றைய கருவாட்டுக் குழம்பின் அடி. ஒரு பெண் சின்ன வெங்காயம் இரண்டைக் கடித்துக்கொண்டார். பழைய சோறு நல்ல சாப்பாடுதான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அதை வைத்து ஆராய்ச்சியே நடந்தது. வெயிலில் நிற்கப்போகிற உடம்புக்கு அதை விடத் தோதானது இல்லை. குறை அதன் பக்கத்தில் இருக்க வேண்டியவை இல்லாததில்தான். பிறகு டீ. டீயில் உள்ள துவர்ப்பு, சோற்றிலிருந்து கிடைக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த டீ இல்லாமல் மதியம் வரை பலகை இழுக்கவும் முடியாது.

"ரத்தம் கம்மி" என்பது அங்கே நோயாகவே எண்ணப்படுவதில்லை. "எனக்கு எட்டு பாயிண்ட்தான்" என்று செருப்பு அளவு சொல்கிற மாதிரி சொல்கிறார்கள். நகக்கண்ணும் கண்ணின் கீழிமையும் வெளிறிக் கிடக்கும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய சுற்றில் 55. ஐந்து ஆண்டில் அவ்வளவுதான் அசைந்திருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது 50.7 இலிருந்து 57.4 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது.

இந்த எண்களை அப்படியே விழுங்கக் கூடாது என்று சொல்லும் நிபுணர்கள் உண்டு. குடும்ப நல ஆய்வு விரல் நுனியைக் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தை அளக்கிறது. அதில் அளவு குறைவாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்த 2016-18 ஆம் ஆண்டு ஆய்வில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம் நாடு முழுக்க 41 சதவீதம் என்று வந்தது. அதற்குச் சற்று முன் நடந்த குடும்ப நல ஆய்வு 58 சதவீதத்துக்கு மேல் காட்டியிருந்தது. இந்தத் தகராறால் ஆறாவது சுற்றில் ரத்தசோகைப் பரிசோதனையையே எடுத்துவிட்டு வேறோர் ஆய்வுக்கு மாற்றினார்கள். வாதம் சரியாகவே இருக்கட்டும். பாதியா, ஐந்தில் இரண்டா என்ற சண்டை மரக்காணத்தில் எதையும் மாற்றாது.

இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கிறது. விழுங்குவதில்தான் சிக்கல். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறார்கள். செறிவூட்டிய ரேஷன் அரிசி வந்தபோது அதில் கலந்திருந்த வேறு நிற மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்த வீடுகள் மாநிலம் முழுக்க உண்டு. இரும்பும் அயோடினும் சேர்த்த இரட்டைச் செறிவூட்டிய உப்பு சத்துணவுக் கூடங்களில் புழங்குகிறது. அதிலும் சில சமையல் கறுத்துப்போகும் என்ற புகார் உண்டு. இப்படி ஒவ்வொன்றும் நல்ல யோசனைதான், ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவுகிறது. எதுவும் ஒரு கரண்டி பருப்புக்கு ஈடாகாது.

சவலைப் பிள்ளை என்ற சொல் இன்று கிண்டலுக்குத்தான் பயன்படுகிறது. மடியில் இருக்கும் குழந்தைக்கு வயது நிறையும் முன்பே தாய் அடுத்ததைச் சுமக்க, தாய்ப்பால் இழந்து மெலியும் பிள்ளைதான் சவலை. 1930களில் கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், கால் வீங்கி முடி செம்பட்டையாகித் தோல் உரியும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்த ஊர்ப் பெண்கள் கா மொழியில் அதற்கு வைத்திருந்த பெயர் குவாஷியோர்கர்: அடுத்த பிள்ளை வந்ததும் முந்தியதைப் பிடிக்கும் நோய். மருத்துவ உலகம் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. அட்லாண்டிக் கரையிலும் வங்கக் கரையிலும் தாய்மார்கள் ஒரே விஷயத்தைக் கவனித்து ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சோறும் கஞ்சியும் மட்டும் கொடுத்தால் பால் குடி மறந்த பிள்ளை தேறாது என்பதை ஆய்வகம் சொல்லும் முன்பே இரண்டு கரையும் அறிந்திருந்தது.

அந்தக் கொடிய வீக்கம் இன்று மரக்காணத்தில் சாதாரணமாகக் கண்ணில் படுவதில்லை. அதற்குக் காரணங்கள் கண்கூடு. 1982 இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 1980 இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அங்கன்வாடியின் சத்துமாவு, தட்டில் வந்த முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. இதில் கடைசித் திட்டம் உப்பளக் குடும்பங்களுக்கென்றே யோசித்தது போல அமைந்துவிட்டது. தாய் மூன்று, நாலு மணிக்கே அளத்துக்குக் கிளம்பும் வீட்டில் பிள்ளைக்குக் காலையில் அடுப்பு மூட்ட யார் இருக்கிறார்கள்? மாநிலத்தில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் இன்னும் நாலில் ஒரு பங்கு. பள்ளிக்குப் போகும் வயதில் கிடைக்கும் சாப்பாடு, அதற்கு முந்தைய இரண்டு வருடத்தின் குறையை முழுக்க நிரப்பாது. அந்த இரண்டு வருடம் பிள்ளை பாட்டியிடமும் பிஸ்கட் பாக்கெட்டிடமும் இருக்கிறது.

தண்ணீருக்கு வருகிறேன். சாப்பாட்டுக் கட்டுரையில் தண்ணீரை ஓர் ஓரமாக வைப்பது வழக்கம். உப்பளத்தில் அதுதான் நடுவில் நிற்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. உடம்பு வேர்வையாய் ஊற்றுகிறது. குடிக்கிற தண்ணீரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு பாட்டில். "நெறைய குடிச்சா ஒதுங்க எடம் வேணாமா?" என்றார் ஒருவர், என் கேள்வியின் மடத்தனத்தைப் பொறுத்துக்கொண்டு. கண்ணுக்கெட்டிய வரை தட்டையான வெளியில் பெண்கள் எங்கே போவார்கள்? அதனால் தாகத்தை அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பு வருகிறது, சிறுநீரகம் வாடுகிறது. இதைச் சத்துக்குறைவு என்ற தலைப்பில் யாரும் சேர்ப்பதில்லை. தண்ணீரை விட முக்கியமான சத்து எது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுத் தண்ணீரும் கவலைக்குரியதே. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளிப் படுகையின் நிலத்தடி நீரில் உப்பேறுவது நெடுநாள் பேச்சு. வங்கதேசத்தின் கடலோர டாகோப் பகுதியில், உப்பேறிய குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டின. காசுள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கிறார்கள். மற்றவர்கள் குழம்பில் போடும் உப்போடு தண்ணீரின் உப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் குழம்பு உப்புதான் அடுத்த சிக்கல். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது. இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுவதாகப் பெங்களூரு தேசிய நோய்த் தகவலியல் ஆய்வு மையத்தின் ஆய்வு 2023 இல் சொன்னது. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் என்றிருக்கும் தட்டு அதற்குக் கீழே இருக்க வாய்ப்பில்லை. தென்னாப்பிரிக்கா ரொட்டியிலும் பாக்கெட் உணவிலும் உப்புக்கு உச்சவரம்பு வைத்து 2016 இல் நடைமுறைப்படுத்தியது. அங்கே ஏழைகளின் உப்பு ஆலையிலிருந்து வருகிறது. மரக்காணத்தில் அது ஜாடியிலிருந்து வருகிறது. ஜாடிக்குச் சட்டம் போட முடியாது. வேறொரு வழியைச் சீனா காட்டியது. 600 கிராமங்களில் 21,000 பேரளவில் நடத்திய சோதனையில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. முடிவு வெளியானது 2021 இல். தமிழ்நாடு உப்புக் கழகம் 2014 லேயே சோடியம் குறைத்த உப்பு ஒன்றை அம்மா உப்பு வகையில் விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் உப்பளத் தொழிலாளிக்கும் அதையே கொடுத்துவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன், முதலில் ரத்தம் சோதிக்காமல். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரக நோயாளிகளை விலக்கியே சொன்னது. பொதுமக்களுக்கு நல்லதான ஒன்று, தாகத்தை அடக்கி அடக்கிச் சிறுநீரகம் நொந்த இந்தக் கூட்டத்துக்கு மட்டும் விஷமாகலாம். கழிப்பறை கட்டாமல் இந்த உப்பை விநியோகிப்பதில் அர்த்தமில்லை. வீடு வீடாக வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கிடைக்கிறது. பெண்களில் 12.6 சதவீதம் பேர் எடை குறைந்தும் 40.4 சதவீதம் பேர் எடை கூடியும் இருக்கும் மாநிலத்தில் அது பெரிய உதவி. ஒரே வீட்டில் மாமியாருக்குச் சுகர், மருமகளுக்கு ரத்தம் கம்மி. இருவர் தட்டிலும் அதே சோறு.

இனி மழை மாதம். ஐப்பசியில் வானம் இருண்டதும் பாத்திகள் மூழ்கும், வேலை நிற்கும். தை பிறந்து தண்ணீர் வடிந்து, சேற்றை அள்ளி, பாத்தியை மிதித்துத் தயார் செய்து, புது உப்பு வார மாசியோ பங்குனியோ ஆகிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இதே மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி வருடத்தில் இடைவெளி இன்னும் நீளும். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2022 இல் கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்குப் பிரித்தால் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 55 ரூபாய், தலைக்குப் பதினாலு ரூபாய்க்கும் குறைவு. அதையும் கேலி செய்ய மாட்டேன். ஒன்றுமே இல்லாத காலத்தைப் பார்த்தவர்கள் அதை எண்ணி வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு ஐப்பசியில் ஏழாம் மாதம் என்றால் அந்தப் பிள்ளையின் எடை இந்த மூன்று மாதத்தில் முடிவாகிறது. ஊட்டச்சத்து ஆய்வுகள் வருடத்துக்கு ஒரு எண் தருகின்றன. மார்கழியில் ஒன்று, சித்திரையில் ஒன்று என்று தனித்தனியாக எடுத்துப் பார்க்க வேண்டிய ஊர் இது.

அப்படிப்பட்ட கணக்கு எழுதப்பட்ட இடம் ஒன்றை நான் பார்த்தேன். அளத்துக்குப் போகும் தெருவில் ஒரு மளிகைக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் நீள நோட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், பெயருக்குப் பதில் கடைக்காரருக்கு மட்டும் புரியும் அடையாளம். ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ஆவணியில் முட்டை ஆறு, முட்டை ஆறு, தக்காளி, உளுந்து, பால் பாக்கெட். புரட்டாசியில் முட்டை நாலு. ஐப்பசியில் டீத்தூள், சர்க்கரை, புளி, மிளகாய்த்தூள், பத்து ரூபாய் எண்ணெய் பாக்கெட். கார்த்திகையிலும் அதேதான், அடியில் கோடு போட்டுப் பாக்கி. மார்கழியில் சேமியா ஒரு பாக்கெட், யாருக்கோ காய்ச்சல் போல. முட்டை திரும்ப வருவது மாசிப் பக்கத்தில். முன்னும் பின்னும் தேடிப் பார்த்தேன். எந்த மாதத்திலும், எந்த வீட்டுப் பக்கத்திலும், உப்பு என்று ஒரு வரி இல்லை.